மூலப்பத்திரம் எங்கே?

உங்களில் எத்தனை பேர் வரலாற்று ஆய்வாளர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம்!

யாருமே இல்லையா? சரி, கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். எத்தனை பேர் மனை வாங்கியிருக்கிறீர்கள்? குறைந்தபட்சம், வாங்கலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது அலைந்திருக்கிறீர்கள்? ஆ... இப்போது கைகள் உயர்கின்றன.

அப்படியானால் நீங்கள் எல்லோரும் வரலாற்று ஆய்வாளர்கள்தான். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்கள் அல்லவா? மூலப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, லென்ஸ் வைத்துக்கொண்டு அந்தப் பழைய கையெழுத்தைப் படித்தீர்கள் அல்லவா? கோவிந்தசாமியிடமிருந்து முனுசாமிக்கு எப்படி வந்தது, முனுசாமியின் மூத்த தாரத்துப் பிள்ளை ஏன் கையெழுத்துப் போடவில்லை என்றெல்லாம் வக்கீலிடம் விசாரித்தீர்கள் அல்லவா? ஆவணத்தைத் தேடுவது, சரிபார்ப்பது, முன்னும் பின்னும் பொருத்திப் பார்ப்பது... பல்கலைக்கழகத்தில் இதற்கு டாக்டர் பட்டமே கொடுக்கிறார்கள்!

ஒரே ஒரு வித்தியாசம். நாம் முப்பது வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பத்திரம் நம் பெயருக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். வீட்டுக்கு மூலப்பத்திரம் இருக்கிறது. ஊருக்கு?

இந்தக் கேள்வி எனக்குள் வந்த கதையைச் சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர் 1996-ல் கோவிலம்பாக்கத்தில் மனை வாங்கினார். தென்சென்னையின் ஓரத்தில், மேடவாக்கம் போகிற வழியில் இருக்கிற ஊர். அப்போது அங்கே ஆட்டோக்காரர் வர மறுப்பார். 'மெட்ராஸ்ல வீடு வாங்கிட்டேன்' என்று நண்பர் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஒரு மாடியும் எழுப்பினார். ஊர் மாறிவிட்டது. இருநூறு அடி ரேடியல் ரோடு, ஈச்சங்காடு சிக்னல், அடுக்குமாடிகள், இரவு பதினோரு மணிக்கும் டிராஃபிக். 'அன்னிக்கு சிரிச்சவங்க எல்லாம் இன்னிக்கு ஃப்ளாட் கிடைக்குமான்னு எனக்கு போன் பண்றாங்க' என்பார் பெருமையாக.

2015 டிசம்பர் வந்தது. சென்னைவாசிகளுக்கு அந்த மாதத்தை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடி இருந்ததால் உயிர் பிழைத்தார்கள். வெள்ளம் வடிந்தபிறகு நான் போனபோது, நண்பர் மொட்டைமாடியில் பத்திரங்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்து... வடாம் காயப்போட்ட மாதிரி.

சும்மா குனிந்து படித்தேன். அவருடைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை இப்படி இருந்தது: மேற்கே இருபதடி ரோடு. பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த மூலப்பத்திரத்தைப் பார்த்தேன். அதே நிலம்தான். மேற்கே, மதகுக் கால்வாய்.

"தண்ணி எந்தப் பக்கமா சார் வந்துச்சு?" என்று கேட்டேன்.

நண்பர் கையை நீட்டினார். மேற்கே!

தண்ணீருக்கு மூலப்பத்திரம் ஞாபகம் இருந்திருக்கிறது. நமக்குத்தான் இல்லை.

அன்று மாலை டீக்கடையில் ஒரு பெரியவரைப் பிடித்தோம். உள்ளூர்க்காரர். ஒரு காலத்தில் அங்கே ஏர் ஓட்டியவர். எங்கே மதகு, எங்கே கலங்கல், எந்த ஏரி நிரம்பினால் எந்த ஏரிக்குத் தண்ணீர் போகும் என்று விரலால் டீக்கடை மேஜையில் படமே போட்டுவிட்டார். "இத்தனை வருசமா இங்கதான் குந்தினு இருக்கேன். ஒருத்தரும் கேக்கலியே!" என்றார்.

திரும்பி வரும்போது நான் சொன்னேன்: "நீங்க நாலு பேர் சேர்ந்து இதையெல்லாம் எழுதி வைக்கலாமே? ஊருக்கு ஒரு வரலாற்றுக் கழகம் மாதிரி..."

நண்பர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அட போங்க சார். இந்த ஊருக்கு என்ன வரலாறு இருக்கு? பொட்டல் காடு. அதுவுமில்லாம நான் தஞ்சாவூர்க்காரன். நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இரண்டு கேள்விகள். இந்த ஊருக்கு என்ன வரலாறு? வெளியூர்க்காரனுக்கு என்ன சம்பந்தம்? புறநகரில் இருக்கிற நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்கிற கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோவிலம்பாக்கத்தை நடுப்புள்ளியாக வைத்து, சுமார் பத்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். மேற்கே பல்லாவரம், வடக்கே பரங்கிமலை, கிழக்கே பள்ளிக்கரணை, தெற்கே பெரும்பாக்கம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஷேர் ஆட்டோ தூரம்!

முதலில் பல்லாவரம். 1863-ம் வருஷம், மே 30-ம் தேதி. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது இளைஞர், பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானத்துக்குப் பக்கத்தில் கிராவல் தோண்டிய பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை. வெயில் மண்டையைப் பிளக்கிற அக்னி நட்சத்திர சீஸன். அந்தச் செம்மண் சரளையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். சும்மா உடைந்த கல் இல்லை. மனிதன் செதுக்கிய கல். ஆதிமனிதனின் கற்கருவி! இந்தியத் துணைக்கண்டத்துக்கு 'பழைய கற்காலம்' என்று ஒன்று உண்டு என்பதற்கு முதல் சாட்சி அதுதான். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அந்த அத்திரம்பாக்கத்தைப் பல வருஷம் தோண்டி ஆராய்ந்த சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்த வயது என்ன தெரியுமா? சுமார் 15 லட்சம் வருஷம்!

இதில் கவனிக்கவேண்டிய ஒரு கிளைக்கதை இருக்கிறது. ஃபூட் ஏன் பல்லாவரத்துக் கல்லைக் குனிந்து பார்த்தார்? அவருக்கு முன்னால் ஆயிரம் பேர் அந்தக் கற்களின் மேல் நடந்துபோயிருப்பார்களே?

விடை பிரான்ஸில் இருக்கிறது. அங்கே அபேவில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சுங்க அதிகாரியாக இருந்தார் ஒருவர். பெயர், பூஷே தெ பெர்த். ஊரில் நாலு படித்தவர்கள் கூடி நடத்திய ஓர் உள்ளூர்க் கழகத்துக்கு அவர்தான் தலைவர். பக்கத்து ஆற்றங்கரைச் சரளையில் கிடைத்த கற்களை வருஷக்கணக்காகச் சேகரித்து, 'இவையெல்லாம் ஆதிமனிதன் செய்தவை' என்று எழுதினார். பாரிஸ் பண்டிதர்கள் சிரித்தார்கள். 'கஸ்டம்ஸ்காரருக்கு எதுக்கு இந்த வேலை?' என்கிற சிரிப்பு. 1859-ல் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் என்ற இரண்டு நிபுணர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். 'இந்த மனுஷர் சொல்வது சரிதான்' என்று அறிவித்தார்கள். சிரிப்பு நின்றது. பிரெஸ்ட்விச் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் 'நம்ம பக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா?' என்று ஃபூட் தேட ஆரம்பித்தார்.

ஆக, பல்லாவரத்தில் ஆதிமனிதன் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பின்னால், எங்கோ ஒரு சின்ன ஊரில் பொழுதுபோக்காகக் கல் பொறுக்கிய உள்ளூர்க் கழகத் தலைவர் இருக்கிறார்!

அதே பல்லாவரத்தில் மலையைக் குடைந்து ஒரு குகைக்கோயில் எடுத்தான் முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பின்சுவரில் வரிசையாக ஐந்து அறைகள். தன்னுடைய பட்டப்பெயர்களைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். இன்று அந்த இடம் ஒரு தர்காவாக இருக்கிறது. மன்னன் போய், பேரரசு போய், கடவுள் பெயர் மாறி... அதே கல்லுக்கு முன்னால் ஜனங்கள் இன்னும் கைகூப்பிக்கொண்டோ ஏந்திக்கொண்டோதான் நிற்கிறார்கள்.

அடுத்து, வடக்கும் தெற்கும். 1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். கோட்டின் நீளம் ஏழரை மைல், நம் கணக்கில் 12 கிலோமீட்டர். அளக்க எத்தனை நாள் ஆனது தெரியுமா? 57 நாள்! காரணம், துல்லியம். நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் மரத்தொட்டிக்குள் வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்கு அன்பளிப்பாக இங்கிலாந்திலிருந்து போன சாமான்களில் ஒன்று அது. 'எனக்கு வேண்டாம்' என்று அவர் தள்ளிவிட, கல்கத்தா வந்து, கடைசியில் நம் செங்கல்பட்டு மண்ணுக்கு வந்து சேர்ந்தது!

அந்த ஏழரை மைல் கோடுதான் அடித்தளம். அதிலிருந்து ஒரு முக்கோணம், அந்த முக்கோணத்திலிருந்து இன்னொன்று என்று இந்தியா முழுவதும் முக்கோணங்களாகப் பின்னிக்கொண்டே வடக்கே போனார்கள். ஐம்பது வருஷம் கழித்து இமயமலையில் ஒரு சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டபோது, அதுதான் உலகத்திலேயே உயரமானது என்று தெரிந்தது. அதற்குத்தான் எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். இப்போது வரைபடத்தை எடுத்து, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோவிலம்பாக்கத்தை ஒட்டித்தான் போகும். எவரெஸ்டை அளந்த சங்கிலியின் முதல் கண்ணி, பொட்டல் காடு என்று என் நண்பர் சொன்ன ஊரின் வாசலில்!

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, சாதாரண ஜனங்களின் கதை எங்கே என்று கேட்பீர்கள். அதுவும் இருக்கிறது. 1767-க்கும் 1774-க்கும் நடுவே செங்கல்பட்டுச் சீமை முழுவதையும் தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனி அதிகாரி அளந்தார். சுமார் 2,000 ஊர்கள். ஊரில் எத்தனை வீடு, யார் என்ன தொழில், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, குளம், தோப்பு, கோயில் என்று கணக்கு. அந்தக் கணக்கின் ஆங்கிலச் சுருக்கத்தை அறிஞர் தரம்பால் 1960-களில் சென்னை ஆவணக் காப்பகத்தில் பார்த்து அசந்துபோனார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைச்சுவடிகளோ தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. சென்னையில் இருக்கிற கொள்கை ஆய்வு மையத்தினர் அவற்றைப் படித்து, சில ஊர்களுக்குத் தனித்தனியாகப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். இரு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு முழுச் சீமையின் மூலப்பத்திரம். அதுவும் தஞ்சாவூரில்! என் நண்பருக்கு இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே...

சரி, இரண்டாவது கேள்வி. வெளியூர்க்காரனுக்கு என்ன சம்பந்தம்?

காவலி வெங்கட லட்சுமய்யா என்று ஒருவர் இருந்தார். ஆந்திரத்து ஏலூர்க்காரர். அண்ணன் போரய்யா, இவர், தம்பி ராமசாமி என்று மூன்று பேருமே கர்னல் காலின் மெக்கன்ஸியிடம் வேலை பார்த்தார்கள். மெக்கன்ஸி நில அளவை அதிகாரி. பின்னால் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். அவருக்கு ஊர் ஊராகக் கதை சேர்க்கிற பைத்தியம். ஆனால் தமிழ், தெலுங்கு படிக்கத் தெரியாது. படித்தவர்கள், கேட்டவர்கள், எழுதியவர்கள் எல்லாம் காவலி சகோதரர்களும் அவர்களைப் போன்ற நம் ஊர் ஆட்களும்தான். ஊர்ப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசி, கோயில் குருக்களைத் தாஜா பண்ணி, கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் ஏறி... எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள், ஆயிரக்கணக்கில் ஊர் வரலாறுகள். அந்தக் குவியலில் பெரும்பங்கு இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்தைப் பற்றி 1803-லேயே தனி விவரணை எழுதியவர் லட்சுமய்யா.

1821-ல் மெக்கன்ஸி இறந்துபோனார். வேலை பாதியில் நின்றது. 'நான் தொடர்கிறேன், அனுமதி கொடுங்கள்' என்று லட்சுமய்யா விண்ணப்பித்தார். அதற்காகவே 1830-களில் சென்னையில் ஒரு சங்கமும் வைத்தார். மதராஸ் இந்து இலக்கியச் சங்கம். நம் ஊர்க்காரர் தலைமையில் நம் ஊர் வரலாற்றைத் தேடத் தொடங்கப்பட்ட ஆரம்பகாலச் சங்கங்களில் ஒன்று. கல்கத்தாவுக்குக் கருத்துக் கேட்டு அனுப்பினார்கள். அங்கே ஆசியக் கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். சாதாரண ஆள் இல்லை. அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டப்போகிற மேதை! அவர் 1836-ல் சொன்ன பதிலின் சாரம்: இந்த வேலைக்கு இந்த ஆளுக்குத் தகுதி போதாது.

முப்பது வருஷம் ஊர் ஊராக அலைந்து சேகரித்தவருக்குத் தகுதி இல்லையாம்! வேலை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பொறுப்பைக் கொடுக்க முடியாது. சுதேசிகளிடம் தகவல் இருக்கலாம், அறிவு இருக்கக்கூடாது. அன்றைக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டதால், எத்தனை ஊர்க் கதைகள் எத்தனை பாட்டன்களோடு போயினவோ!

பிரின்செப்பின் அந்தக் குரல் இன்னும் ஓயவில்லை என்பதுதான் வேடிக்கை. இப்போது அதை நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். 'அதெல்லாம் புரொஃபசர்கள் வேலை சார்... நமக்கு என்ன தெரியும்?'

தெரியாமல்தான் தொடங்கினார்கள். திருச்சியில் ஒரு கண் டாக்டர், இரா. கலைக்கோவன். பகலெல்லாம் நோயாளிகளின் கண்ணைப் பார்ப்பவர், மிச்ச நேரத்தில் கோயில் கல்லைப் பார்க்க ஆரம்பித்தார். தன் தந்தை, தமிழறிஞர் மா. இராசமாணிக்கனார் பெயரில் 1982-ல் ஒரு வரலாற்றாய்வு மையத்தைத் தொடங்கினார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒவ்வொரு கோயிலாக, ஒவ்வொரு தூணாக அளந்து எழுதினார்கள். யாரும் படிக்காமல் விட்ட கல்வெட்டுகளைப் படித்தார்கள். மகேந்திரவர்மன் குடைந்த கோயில்களைப் பற்றி அந்த மையத்தின் உழைப்பில் தனிப் புத்தகமே வந்திருக்கிறது. ஸ்டெதஸ்கோப் வைத்திருக்கிற கையால் டேப் பிடித்து அளக்க முடியும் என்று நிரூபித்தவர்கள் அவர்கள்.

தமிழகத் தொல்லியல் கழகம் 1991-லிருந்து 'ஆவணம்' என்று ஒரு இதழ் போடுகிறது. அதைப் புரட்டிப் பாருங்கள். புதிதாகக் கிடைத்த கல்வெட்டு, நடுகல், காசு, செப்பேடு என்று செய்திகள். அனுப்பியவர்களில் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்களும், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆர்வத்தால் தேடுபவர்களும் இருக்கிறார்கள். வயல்வரப்பில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்ததைப் புரட்டிப்போட்டுப் பார்க்கத் தோன்றியதே, அதுதான் தகுதி.

சென்னைக்கே வருவோமே. இந்த நகரத்தின் கதையை நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் எஸ். முத்தையா. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் பத்திரிகையாளராக இருந்தவர். 1968-ல்தான் சென்னையில் குடியேறினார். அதாவது அவரும் வந்தவர்தான்! வந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தெருத்தெருவாக நடந்தார்; 1981-ல் அந்த நடையெல்லாம் ஒரு புத்தகமாகியது. 1991-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். 2004-ல் அவரும் சசி நாயர், வின்சென்ட் டிசூசா ஆகியோரும் 'சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடினால் என்ன?' என்று யோசித்தார்கள். 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்து, மெட்ராஸ் தினம். யாரிடமும் பர்மிஷன் வேண்டாம். அவரவர் தெருவில் அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் அழகு. ஒருத்தர் பழைய போட்டோ வைப்பார்; இன்னொருத்தர் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு நடப்பார். சின்னதாக ஆரம்பித்தது, முத்தையா 2019-ல் மறைந்த பிறகும் வருஷா வருஷம் நடக்கிறது.

ஃபூட், லாம்ப்டன், லட்சுமய்யா, முத்தையா... எல்லோருமே வெளியூர். வந்து சேர்ந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொள்ள ஒரு வழி அங்கே வீடு கட்டுவது. இன்னொரு வழி, அதன் கதையைத் தெரிந்துகொள்வது. முதல் வழிக்கு பேங்க் லோன் வேண்டும். இரண்டாவதற்குக் கால் வலிக்காமல் நடந்தால் போதும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் 'கழுவெளி' என்பார்கள். சுற்றுவட்டாரத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்தால் வந்து சேருகிற பெரிய தாம்பாளம். அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் இருந்தது, 2000-களின் தொடக்கத்தில் அறுநூறைச் சுற்றி வந்து நின்றது. மிச்சமெல்லாம் கட்டடம், ரோடு, குப்பைமேடு. 'அது வெறும் தரிசு நிலம்' என்று அரசாங்க ஏடு சொன்னதை எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

நம்பாதவர்கள் சிலர் இருந்தார்கள். சுற்றியிருந்த குடியிருப்போர் நலச் சங்கத்தினர், பறவை பார்ப்பவர்கள், சூழலியல் ஆய்வாளர்கள். அங்கே என்ன பறவை வருகிறது, முன்னால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று பார்த்தார்கள், கேட்டார்கள், எழுதினார்கள், படம் எடுத்தார்கள், மனு போட்டார்கள். 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சர்' தலங்களின் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்தது. 'இங்கே முன்னால் என்ன இருந்தது' என்ற கேள்வியை விடாமல் கேட்டதற்குக் கிடைத்த பரிசு அது. கேட்கத் தாமதமானதற்கான தண்டனையும் உண்டு. 2015-ல் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு திரும்பவும் வந்தது.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம்... 'பாக்கம்' என்றால் கடலோரத்து நெய்தல்நில ஊர் என்கிறது தமிழ் அகராதி. சுண்ணாம்பு கொளத்தூர் என்ற பெயருக்குள்ளேயே ஒரு குளம் இருக்கிறது. ஈச்சங்காடு என்று நாம் தினமும் சிக்னலில் நின்று சபிக்கிற இடத்தின் பெயரில் ஈச்சமரக் காடு இருக்கிறது. பஸ் போர்டில் எழுதியிருக்கிற மூலப்பத்திரம்! 'எஸ்.கொளத்தூர்' என்று சுருக்கும்போது சுண்ணாம்பு உதிர்ந்துவிடுகிறது. அடுத்த தலைமுறை 'எஸ்' என்றால் சவுத் என்று நினைத்துக்கொள்ளும்.

வரலாற்றுக் கழகம் என்றால் கட்டடம், போர்டு, செயலாளர், பொருளாளர், சண்டை என்று நினைக்க வேண்டாம். நாலு வீடு போதும். பீரோவில் இருக்கிற மூலப்பத்திரத்தை வெளியே எடுங்கள். நான்கெல்லையை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாற்பது மனைகளின் எல்லையை ஒரே தாளில் பொருத்தினால், மறைந்துபோன வாய்க்கால் தானாக எழுந்து வரும். கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள், வயலா, ஏரிக்கரையா? உள்ளூர்ப் பெரியவர்களை செல்போனில் பேசவையுங்கள். எல்லாவற்றிலும் தேதி, இடம், சொன்னவர் பெயர் எழுதுங்கள், அவர் சம்மதத்தோடு. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். நம் ஜாதிப் பெருமை, ஊர்ப் பெருமை என்று உப்புக்காரம் சேர்க்காதீர்கள். பழைய காலத்தில் கோயில் வீதிக்குள் வரக்கூடாது என்று நிறுத்தப்பட்டவர்களின் ஞாபகத்தையும் கேளுங்கள். அவர்களிடம் இருப்பது பத்திரத்தில் இருக்காது. அப்புறம், பூட்டி வைக்காதீர்கள். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சுவரில் எல்லாவற்றையும் ஒட்டிவையுங்கள். மறுநாள் 'எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு' என்று நாலு பேர் வருவார்கள்.

என் நண்பர் கடைசியில் என்ன செய்தார்?

ரொம்ப நாள் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். பக்கத்துத் தெருக்களில் பதினோரு பேருடைய மூலப்பத்திரத்தை ஜெராக்ஸ் வாங்கிவிட்டாராம். சார்ட் பேப்பரில் அவருடைய பேத்தி கலர் பென்சிலால் படம் வரைந்திருக்கிறாள். ஏரி நீலம், வாய்க்கால் நீலம், ரோடு கறுப்பு. அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனோம்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். எங்களுக்கெல்லாம் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. கடைசியில் பேத்தியிடமிருந்து பென்சிலை வாங்கி, ஓரிடத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டார்.

"எல்லாம் சரியாத்தான்மா போட்டுக்கீற. ஆனா மதகு இங்க இல்ல. அந்தாண்ட."